அக்காவின் இடது கைக் கத்தி

இந்தச் சேலையை இரண்டு முறை துவைத்துப் போட்டுவிட்டேன். வாடை போகிற வழியாக இல்லை. நிட்டிங் மெஷினுக்கு ஊற்றுகிற வெள்ளை எண்ணெய்க்குள் பழுக்கக் காய்ச்சின இரும்பை விட்டால் ஒரு புகை எழும்புமே, அந்த வாடை. உங்கள் சட்டையிலும் தலையணை உறையிலும் இருபது வருடம் இருந்த வாடை. "ஊட்டுல படுக்கறனா, மெசின் ரூம்ல படுக்கறனான்னே தெரியல" என்று நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன்! இன்றைக்குக் கொடியில் காய்கிற சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். ஒரு வேலையைச் செய்து முடித்திருக்கிறேன். ஒரு தப்பை ஒப்புக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் உங்களிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், கடைசியில் சொல்கிறேன். உங்கள் பெண்டாட்டியின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா?

கல்யாணம் ஆன புதிதில் சந்தையிலிருந்து ஒரு பை நிறையப் பச்சைத் தக்காளி வாங்கி வந்தீர்கள். "நல்லாப் பழுத்திருக்குது பாரு" என்றீர்கள். கேலி செய்கிறீர்கள் என்று நினைத்துச் சிரித்தேன். உங்கள் முகம் வாடிவிட்டது. அன்றைக்குத்தான் சொன்னீர்கள், சிவப்புக்கும் பச்சைக்கும் உங்கள் கண்ணில் பெரிய வித்தியாசம் கிடையாது என்று. கிடைக்க இருந்த ஒரு வேலை அதனாலேயே மருத்துவச் சோதனையில் போய்விட்டது என்றும், உங்கள் அக்காவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றும் சொன்னீர்கள். நானோ சாயப்பட்டறை லேபில் நாள் முழுக்க விளக்குப் பெட்டிக்குள் துணித்துண்டுகளை வைத்து, இது ஒரு சொட்டு மஞ்சள் கூடுதல், அது அரைச் சொட்டு நீலம் குறைவு என்று ஷேடு பார்க்கிறவள். ஆண்டவன் நல்ல ஜோடி சேர்த்தான் போங்கள் என்றேன். அப்புறம்தான் சிரித்தீர்கள்.

கத்தி செய்கிற பைத்தியம் உங்களுக்கு எப்படிப் பிடித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாரம் ஆறு நாள் நிட்டிங் மெஷின்களோடு மல்லுக்கட்டுகிற ஃபிட்டருக்கு ஏழாவது நாளும் இரும்புதான் வேண்டுமா? வேனின் பழைய வில் பட்டையை வாங்கி வந்து, அறுத்து, தட்டி, ராவி, கத்தி வடிவத்துக்குக் கொண்டுவருவது வரை உங்கள் பாடு. அதன்பின் என்னைக் கூப்பிடுவீர்கள்.

"ஏம்புள்ள, சித்த வந்து பாரு."

ஞாயிற்றுக்கிழமை நம் மங்கலம் ஊரில் தறிச்சத்தம் நின்றுவிடும். வாரம் பூராவும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே வாழ்கிறவர்களுக்கு அந்த அமைதியே ஒரு மாதிரி இருக்கும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையின் ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்துவீர்கள். வெளிச்சத்தில் இரும்பின் நிறம் பொய் சொல்லும் என்பீர்கள். மெஷினில் ஒட்டும் பஞ்சை ஊதுகிற ப்ளோயர் ஒன்று கரியடுப்பை ஊதிக்கொண்டிருக்கும். நீங்கள் குறட்டில் கத்தியைப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி நிற்பீர்கள். நான் உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்பேன்.

இரும்பு முதலில் கறுப்பில் ஒரு சிவப்பு காட்டும். பிறகு செங்கல். பிறகு பழுத்த மிளகாய். மிளகாய் கழிந்து ஆரஞ்சு எட்டிப் பார்க்கிற அந்த இடத்தில் நான் "இப்ப" என்பேன். அடுத்த கணம் கத்தி எண்ணெய்க்குள் இருக்கும். எண்ணெய் ஊற்றி, அடியை அடைத்து நிறுத்தின அந்த இரும்புக் குழாயிலிருந்து குப்பென்று தீயும் புகையும் கிளம்பும். இரும்பு காயும்போது நடுவில் நீங்கள் ஒரே ஒரு தடவை கேட்பீர்கள், "ஆச்சா?" என்று. "இன்னும் ஆகலீங்க" என்பேன். அவ்வளவுதான் நம் பேச்சு. இப்படி எண்ணெயில் தோய்ச்ச கத்தி கண்ணாடி மாதிரி, கீழே போட்டாலே உடையும். அதனால் உடனே கடாயில் மணலைக் காய வைத்து, அதன்மேல் கத்தியைக் கிடத்தி, அதன் விறைப்பைக் கொஞ்சம் இறக்க வேண்டும். மெருகு போட்ட இரும்பில் வைக்கோல் மஞ்சள் வரும், கருப்பட்டிப் பழுப்பு வரும், விட்டால் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும். அதையும் நான்தான் பார்த்துச் சொல்வேன். உங்கள் பெயரில் நாலு பேர் கத்தி கேட்டு வருவார்கள். பாதி என் கத்தி என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு. வெளியே சொன்னதில்லை.

ஒருநாள் ஒரு துண்டை வேண்டுமென்றே அதிகம் காய்ச்சி, தோய்ச்சு, சுத்தியலால் உடைத்து என்னிடம் காட்டினீர்கள். "உடஞ்ச எடத்தப் பாரு. நல்லாத் தோஞ்ச இரும்பு சாம்பலாட்ட நைஸா இருக்கோணும். இது ரவையாட்ட இருக்குதா? சூடு எச்சாப் போச்சுன்னு அர்த்தம். இப்புடி இருந்தா என்னைக்காச்சும் ஒருநாள் பட்டுனு போயிரும். பழைய விரிசல்ல உடஞ்சா அந்த எடம் கறுத்திருக்கும், அது வேற." இதைப் பார்க்க நிறம் தெரிய வேண்டியதில்லை. இது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

நம் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். காலேஜுக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தாள். அந்த வாரத்தில்தான் நீங்கள் அவிநாசிக்குப் பக்கத்தில் அக்காவின் தோட்டத்துக்குப் போனீர்கள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னீர்கள், "அக்கா கேட்டுது. நம்ம பையனுக்கே குடுத்தர்லாம்னு வாக்குக் குடுத்துட்டு வந்துட்டேன்." அத்தை மகன்தான், முறைதான். பையனும் தங்கமானவன். அதெல்லாம் சரி. பெற்றவள் நான் ஒருத்தி வீட்டில் இருக்கிறேனே, எனக்கு ஒரு வார்த்தை? படிக்க வேண்டும் என்று குதித்துக்கொண்டிருக்கிற அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை? சண்டை போட்டேன். நீங்கள் "குடுத்த வாக்கு" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னீர்கள்.

அந்த ஞாயிறு அக்காவுக்கென்று ஒரு பெரிய வெட்டுக்கத்தியை ராவி முடித்திருந்தீர்கள். தோட்டத்தில் கறிவிருந்து வருகிறது என்று அக்கா கேட்டிருந்தாராம். நான்கு நாளாகப் பேசாமல் இருந்த என்னை, ஒன்றுமே நடக்காதது போல, "ஏம்புள்ள, சித்த வந்து பாரு" என்று கூப்பிட்டீர்கள். வந்தேன். தோளுக்குப் பின்னால் நின்றேன்.

மிளகாய்ச் சிவப்பு வந்தது. ஆரஞ்சு எட்டிப் பார்த்தது. "இப்ப" என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லவில்லை.

"ஆச்சா?" என்றீர்கள்.

"இன்னும் ஆகலீங்க."

ஆரஞ்சு வெளுத்தது. நீங்கள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். இரண்டாவது முறையாகக் கேட்டீர்கள். அதுவரை நீங்கள் இரண்டாவது முறை கேட்டதே இல்லை.

"ஆச்சா?"

"இல்லீங்க, இன்னும் இல்ல."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கத்தியைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்தேனா? சத்தியமாக இல்லை. அக்காவுக்குத் தீங்கு நினைத்தேனா? அதுவும் இல்லை. என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுக்கிற மனுஷன் என் வாய்ச் சொல்லுக்குக் காத்துக்கொண்டு நிற்கட்டுமே என்று ஒரு திமிர். அவ்வளவுதான். இரும்பு மஞ்சளுக்குப் போனபின் பயம் வந்து "இப்ப" என்றேன். நீங்கள் தோய்ச்சீர்கள். மணலில் விறைப்பு இறக்கும்போது நிறத்தை ஒழுங்காகத்தான் சொன்னேன். வெளியே பார்க்க அந்தக் கத்திக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாக வெட்டக்கூட வெட்டியது. சரியாகிவிட்டது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் கறிவிருந்தன்றைக்கு, எலும்பை வெட்ட ஓங்கிப் போட்டபோது, பிடிக்கு நாலு விரல் மேலே கத்தி பட்டென்று இரண்டாகப் போனது. அக்காவின் கை அதே வேகத்தோடு இறங்க, எலும்பில் குத்தி நின்ற முறிந்த துண்டு வலது கட்டை விரலின் அடியைக் கிழித்துவிட்டது. நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். காயம் ஆறியது. விரல் மடங்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கையை மாரோடு அணைத்துக்கொண்டு அக்கா கேட்டார், "கூடப் பொறந்தவ கையவே வாங்கிப் போட்டியேடா. இதுக்குத்தான் கத்தி பண்றியா?"

"என்ற தப்புதானுங்கக்கா. பட்டையில பழைய விரிசல் இருந்திருக்கோணும். நாம் பாக்காம உட்டுட்டேன்" என்றீர்கள்.

நான் அங்கேதான் நின்றிருந்தேன், ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு. வாயைத் திறக்கவில்லை. பழைய விரிசல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே! எனக்கு அது போதும் போல இருந்தது. அந்த விரிசலைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் போகிற வரைக்கும் ஐந்து வருடம் காலத்தை ஓட்டிவிட்டேன்.

அக்கா உங்களோடு பேச்சை நிறுத்தினார். சம்பந்தப் பேச்சும் அதோடு நின்றது. வாக்குக் கொடுத்தவரோடு பேச்சே இல்லை என்றபின் வாக்கை யார் கேட்பார்கள்? மகள் காலேஜில் சேர்ந்தாள். அவள் படித்த மூன்று வருடமும் அக்கா உங்களோடு பேசாத மூன்று வருடமும் ஒன்றுதான். அவள் சேர்ந்த அன்று இனிப்பு வாங்கி வந்தீர்கள். நான் சர்க்கரை கூடுதல் என்று சொல்லித் தட்டில் வைத்துவிட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் நீங்கள் சீர்த்தட்டோடு தோட்டத்து வாசல் வரை போய், மச்சானிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்புவீர்கள். "அக்கா என்ன சொன்னாங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "வேலையா இருந்துது" என்பீர்கள்.

தன் மகன் கல்யாணத்துக்குத் தாம்பூலத் தட்டோடு அழைக்க வந்தபோதுதான் அக்கா மறுபடி உங்கள் முகம் பார்த்தார். அதன்பிறகு நீங்களும் கத்தி வேலையைத் திரும்ப எடுத்தீர்கள். இந்த முறை பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தீர்கள். இரும்பு சரியான சூட்டுக்குப் பக்கத்தில் வரும்போது காந்தம் ஒட்டாதாம். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது. இனிமேல் நான் தேவையில்லை என்று நினைத்தேன். நீங்களோ வழக்கம்போலக் கூப்பிட்டீர்கள்.

"அதான் காந்தம் இருக்குதுங்களே" என்றேன்.

"அது ஆரம்பத்தச் சொல்லும் புள்ள. நிக்க வேண்டிய எடத்தச் சொல்லாது. நீ வா."

வந்தேன். அதற்குப் பிறகு நாம் தோய்ச்ச கத்திகளில் ஒன்றில்கூட நான் கணக்குத் தவறவில்லை. அப்போது நான் கவனித்தும் கவனிக்காதது போல விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு நீங்கள் ஒருபோதும் "ஆச்சா?" என்று கேட்கவில்லை. நான் சொல்லுகிற வரைக்கும் சும்மா நின்றீர்கள்.

போன மாதம் மகள் வந்திருந்தாள். வேலைக்குப் போகிறவள், வண்டி வைத்திருக்கிறாள். கொட்டகையை ஒழித்தால் வண்டியை வெயிலில் நிறுத்த வேண்டாம் என்றாள். சரி என்று உங்கள் கருவிப் பெட்டியை நான் எடுத்து வைத்தேன். அடித்தட்டில் பனியன் துணியில் சுற்றி இரண்டு பொட்டலம் இருந்தது.

முதல் பொட்டலத்தில் ராவி முடித்த கத்தி ஒன்று. தோய்ச்சலுக்குப் போகாதது. விளிம்பு ஒரே பக்கமாகச் சரித்து ராவியிருந்தது. பக்கத்தில் வழக்கத்தை விடத் தடித்த ஒரு பிடி, கட்டை விரலால் அழுத்திப் பிடிக்காமலேயே கைக்குள் அடங்குகிற மாதிரிச் செதுக்கியது. இரும்பின் மேல் மார்க்கரில் உங்கள் கோணல் எழுத்து: "அக்கா. இடது கை."

இரண்டாவது பொட்டலத்தில் அந்த வெட்டுக்கத்தியின் உடைந்த துண்டு. துருப் பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தீர்கள். ஜன்னல் பக்கம் கொண்டு போய் உடைந்த வாயைப் பார்த்தேன். கறுப்பு என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. பழைய விரிசலாவது மண்ணாங்கட்டியாவது. முழுக்க முழுக்க ரவை.

அதைப் பார்க்க உங்களுக்கு என் கண் வேண்டியதே இல்லையே. ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வருமுன்பே, அந்தத் துண்டைக் கையில் எடுத்தபோதே, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அக்காவிடம் "என்ற தப்பு" என்றீர்கள். தெரிந்துகொண்டே மூன்று பொங்கலுக்கு வாசலில் நின்று திரும்பினீர்கள். தெரிந்துகொண்டே "நீ வா" என்று கூப்பிட்டீர்கள்.

கொட்டகையில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அழுகையோடு கோபமும் வந்தது, மறைக்கமாட்டேன். ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? கன்னத்தில் ஒன்று வைத்திருக்கக் கூடாதா? "ஏன் இப்புடிப் பண்ணுனே" என்று கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேனே. கேட்காமலே மெஷின் முன்னால் நின்றபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

போன ஞாயிறு ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டேன். கொட்டகையை ஒழிப்பது அப்புறம் ஆகட்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். கரி பிடிக்கவே அரைமணி நேரம் ஆனது. உங்கள் குறடு என் கைக்குக் கனம். ஒரே ஆள் பிடிக்கவும் வேண்டும், பார்க்கவும் வேண்டும். செங்கல் வந்தது. மிளகாய் வந்தது. ஆரஞ்சு எட்டிப் பார்த்தது. யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமல் "இப்ப" என்று சத்தமாகச் சொன்னேன். என் கைதான் இறங்கியது. தீ குப்பென்று வந்தபோது புகைக்குள்ளேயே நின்றேன்.

அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். கடிக்காமல் வழுக்கியது, இரும்பு நன்றாக இறுகியிருந்தது. கடாயில் மணலைக் காய வைத்தேன். வைக்கோல் மஞ்சள் வந்து, கருப்பட்டி லேசாகத் தொடங்கின இடத்தில் எடுத்துவிட்டேன். மார்க்கர் எழுத்து தீயில் போய்விட்டது. பிடிக்கு ஆணி அடித்தது மட்டும் கொஞ்சம் கோணல். நீங்களாக இருந்தால் பிடுங்கி மறுபடி அடிப்பீர்கள். நான் விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு அவிநாசிக்கு பஸ் ஏறினேன். அக்கா களத்தில் தேங்காய் மட்டைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். "வா கண்ணு. என்ன, சொல்லாமக் கொள்ளாம?" என்றார். கத்தியைக் கொடுத்தேன். "அவர் உங்களுக்குன்னு ராவி வெச்சிருந்தாருங்க அண்ணி. நான் தோய்ச்சேன்." இடது கையில் வாங்கினார். பிடி கைக்குள் உட்கார்ந்ததும் அதையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

அப்படியே திரும்பி வந்திருக்கலாம். பழைய நானாக இருந்தால் வந்திருப்பேன். துணியைப் பிரித்து அந்த உடைந்த துண்டையும் பக்கத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் இரண்டு தடவை கேட்டதை, நான் இரண்டு தடவை பொய் சொன்னதை, வராந்தாவில் ஃபிளாஸ்க்கோடு நின்றதை.

அக்கா கத்தவில்லை. மடங்காத அந்தக் கட்டை விரலைத் தடவிக்கொண்டார்.

"வெரலு போனது போயிட்டுப் போகுது" என்றார். "அப்பவே இத நீ சொல்லியிருந்தீன்னா அவங்கூட நாம் பேசாம இருந்திருக்க மாட்டேன். அவனுக்கு மிச்சம் இருந்ததே அஞ்சு வருசம். அதுல மூணு வருசத்த வாசல்லயே நிக்க வெச்சுப் போட்டனே."

நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்துபோய் மோர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். கிளம்பும்போது கத்தியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். உடைந்த துண்டைத் துணியோடு என் பக்கம் தள்ளினார். "இது உன்றது. நீயே வெச்சுக்க" என்றார். கண்ணு என்று சொல்லவில்லை. மறுபடி வா என்றும் சொல்லவில்லை.

வைத்துக்கொண்டிருக்கிறேன். லேபுக்குப் போகிற கைப்பையில், பஸ் பாஸுக்கு அடியில் இருக்கிறது. விளக்குப் பெட்டிக்கு முன்னால் யாராவது ஷேடு சரியா என்று கேட்டால், சொல்வதற்கு முன் ஒருமுறை கை தானாகப் பையைத் தொட்டுப் பார்க்கிறது. அக்கா என்னை மன்னிப்பாரோ மாட்டாரோ தெரியாது. நீங்கள் மன்னித்தீர்களா என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

ஆனால் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து இரண்டாவது முறையும் கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆச்சுங்க. நீங்க மொதல்ல கேட்டப்பவே ஆச்சுங்க.